விருந்து ஒருவருக்கு, கணக்கு இன்னொருவருக்கு

சென்ற இதழில் எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலைப் பற்றி வெளிவந்த அறிமுகக் கட்டுரைக்கு மலையகத்தின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. செல்வம், வர்க்கம், ஒழுக்கச் சீரழிவு ஆகியவற்றைத் தொட்ட கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: 1922ஆம் ஆண்டுக் கோடையில், நியூயார்க் நகருக்கு அருகே லாங் ஐலண்ட் கடற்கரையில் கதை நடக்கிறது. வட டகோட்டாவில் ஏழைக் குடியானவர் வீட்டில் ஜேம்ஸ் காட்ஸ் என்ற பெயரோடு பிறந்து, கள்ளச் சாராயத்தாலும் வேறு மறைவான தொழில்களாலும் பெரும்பணம் சேர்த்த ஜே கேட்ஸ்பி, ஐந்து ஆண்டுகளுக்கு முன் தாம் இழந்த டெய்சியை மீண்டும் அடைவதற்காக, அவள் வீட்டுக்கு எதிர்க்கரையில் மாளிகை வாங்கி விருந்துக்கு மேல் விருந்தாக வைக்கிறார். டெய்சி இப்போது பரம்பரைச் செல்வரான டாம் புக்கனனின் மனைவி. டாமுக்கோ, சாம்பல் கொட்டும் வெளியில் மோட்டார் திருத்தும் கடை வைத்திருக்கும் வில்சனின் மனைவி மெர்ட்டிலோடு தொடர்பு. கேட்ஸ்பியின் மஞ்சள் நிற மோட்டார் வண்டியை டெய்சி ஓட்டிவரும்போது மெர்ட்டில் அடிபட்டு இறக்கிறாள். வண்டியின் சொந்தக்காரரே கொலைகாரர் என்று நம்பிய வில்சன், கேட்ஸ்பியைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தாமும் இறக்கிறார். இவை அனைத்தையும் நமக்குச் சொல்பவர் டெய்சியின் உறவினரான நிக் கரவே.

கேள்வி: ‘செல்வம் மனிதரின் ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்பதே இந்நாவலின் கருப்பொருள்’ என்று எங்கள் வகுப்புக் குறிப்பில் இருக்கிறது. குடி, கள்ள உறவு, சூது ஆகியவற்றை உதாரணமாகக் காட்டினால் போதுமா, ஐயா?
– ஒரு மாணவி, ஹட்டன்

பதில்: குறிப்பில் உள்ள வாக்கியத்தைத் தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது நாவலின் வாசலோடு நின்றுவிடுகிறது. குடியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மது தயாரிப்பதும் விற்பதும் கொண்டுசெல்வதும் அரசியலமைப்புத் திருத்தத்தால் தடைசெய்யப்பட்டிருந்தன. நாவலில் அந்தத் தடையைப் பொருட்படுத்துகிறவர் எவரும் இல்லை. பிளாசா ஹோட்டல் அறையில், மருந்துக் கடைகளின் வழியாகச் சாராயம் விற்றவர் என்று கேட்ஸ்பியை டாம் அம்பலப்படுத்துகிறார். அந்த நேரத்தில், டாமே துணியில் சுற்றி வீட்டிலிருந்து எடுத்துவந்த விஸ்கிப் போத்தல் அதே அறையின் மேசைமீது இருக்கிறது. விற்றவர் குற்றவாளி, வாங்கியவர் கனவான் என்ற இந்த ஏற்பாட்டைத்தான் ஆசிரியர் நமக்குக் காட்ட விரும்புகிறார். யார் எவ்வளவு குடித்தார்கள் என்ற கணக்கில் அவருக்கு அக்கறை இல்லை. கள்ள உறவும் அப்படியே. டாமுக்கும் உண்டு, மெர்ட்டிலுக்கும் உண்டு, டெய்சிக்கும் உண்டு. ஆகவே அதை வைத்து ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

விபத்து நடந்த இரவை மட்டும் மறுபடியும் படியுங்கள். வண்டியை ஓட்டியது டெய்சி. நிறுத்தாமல் போனதும் அவள்தான். பழியைத் தாம் ஏற்பதாகச் சொல்லிவிட்டு, அவளுக்கு டாமினால் தீங்கு நேருமோ என்று அஞ்சி அவள் வீட்டுத் தோட்டத்தில் கேட்ஸ்பி காவல் நிற்கிறார். உள்ளே சமையலறை மேசையில், ஆறிப்போன கோழிப் பொரியலையும் இரண்டு ஏல் பியர் போத்தல்களையும் தொடாமல் வைத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் தணிந்த குரலில் ஏதோ திட்டமிடுகிறவர்களைப் போல நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் மகிழ்ச்சியாகவும் இல்லை, துயரத்திலும் இல்லை என்று நிக் சொல்கிறார். அடுத்த நாள் வில்சன் துப்பாக்கியோடு வந்து நிற்க, வண்டி யாருடையது என்பதை டாம் சொல்லிவிடுகிறார். கேட்ஸ்பி இறந்த செய்தி பரவும் முன்பே, போகும் இடத்தின் முகவரிகூட வைக்காமல், பெட்டி படுக்கையோடு இருவரும் புறப்பட்டுப் போய்விடுகிறார்கள்.

இப்போது இறந்தவர்களை எண்ணிப் பாருங்கள்: மெர்ட்டில், கேட்ஸ்பி, வில்சன். மூவருமே செல்வத்தில் பிறக்காதவர்கள். செல்வத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்காவது கீறல்கூட விழவில்லை.

இது அந்த ஒரு இரவோடு முடிகிற செய்தியும் இல்லை. நாவல் முழுவதும் சிறிய அளவில் முன்பே நடந்துகொண்டிருக்கிறது. டெய்சியின் தோழி ஜோர்டன் பேக்கர் கோல்ஃப் பந்தயத்தின் அரையிறுதிச் சுற்றில் பந்தை நகர்த்தி வைத்தாள் என்ற குற்றச்சாட்டு எழுகிறது. மட்டைப் பை சுமந்த பையன் தன் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுகிறான், எஞ்சிய ஒரே சாட்சியும் தான் தவறாகப் பார்த்திருக்கலாம் என்கிறார், விவகாரம் அமுங்கிப்போகிறது. வேகமாக ஓட்டியதற்காகப் பொலிஸ்காரர் மறிக்கும்போது கேட்ஸ்பி ஒரு வெள்ளை அட்டையை நீட்டுகிறார். பொலிஸ்காரர் மன்னிப்புக் கேட்டு விலகுகிறார். பொலிஸ் ஆணையாளர் ஆண்டுதோறும் கேட்ஸ்பிக்கு நத்தார் வாழ்த்து அனுப்புபவராம். 1919ஆம் ஆண்டின் பேஸ்போல் உலகத் தொடரில் சிகாகோ அணியினர் சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கித் தோற்றது உண்மையில் நடந்த ஊழல். நாவலில் அதைச் செய்வித்தவராக வரும், கேட்ஸ்பியின் தொழில் கூட்டாளியான வொல்ஃப்ஷெய்ம் ஏன் சிறையில் இல்லை என்று நிக் கேட்டதற்கு, அவர் கெட்டிக்காரர், அவரைப் பிடிக்க முடியாது என்று கேட்ஸ்பி சாதாரணமாகப் பதில் சொல்கிறார்.

ஆகவே உங்கள் கட்டுரையில், செல்வம் கெடுக்கிறது என்று எழுதிவிட்டு நின்றுவிடாதீர்கள். தான் செய்ததன் விளைவு தன்மேல் விழாமல் செல்வம் காக்கிறது, அந்தக் காப்புக்குப் பழகிப்போனவர் பிறர் உயிரைப் பற்றி யோசிக்கும் பழக்கத்தையே இழந்துவிடுகிறார் என்று எழுதுங்கள். குடியையும் சூதையும் அதன் கீழே கொண்டுவரலாம். நூலின் இறுதிப் பகுதியில் டாமையும் டெய்சியையும் பற்றி நிக் சொல்லும் தீர்ப்பும் இதுவே: பொருட்களையும் மனிதரையும் உடைத்துப் போட்டுவிட்டுத் தம் பணத்துக்குள் திரும்பிப் போய்விடுகிறவர்கள், உடைந்ததைக் கூட்டி அள்ளுவது மற்றவர் வேலை.

கேள்வி: கேட்ஸ்பியிடம் டாமுக்கு நிகராகப் பணம் இருக்கிறது. அப்படியிருந்தும் அந்த வட்டத்தினர் அவரை ஏன் சேர்த்துக்கொள்ளவில்லை? பணம்தானே வர்க்கத்தை முடிவுசெய்கிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை

பதில்: நாவலாசிரியர் இந்த வேறுபாட்டை நில அமைப்பிலேயே வைத்துவிட்டார். ஒரு சிறு குடாவின் இரு பக்கங்களிலும் வெஸ்ட் எக், ஈஸ்ட் எக் என்று இரண்டு ஊர்கள். முதலாவதில் புதுப் பணக்காரர்கள், இரண்டாவதில் பரம்பரைப் பணக்காரர்கள். இரண்டு கரைகளிலும் மாளிகைகள் உண்டு. ஆனால் கரை மாறுவது நடவாத காரியம்.

குதிரையில் வரும் மூவர் கேட்ஸ்பியின் வீட்டில் இளைப்பாறும் காட்சியைப் பாருங்கள். அவர்களுள் டாமும் ஒருவர். கூட வந்த பெண்மணி, இரவு உணவுக்கு எங்களோடு வாருங்கள் என்று பேச்சுக்கு அழைக்கிறாள். கேட்ஸ்பி அதை உண்மையான அழைப்பு என்று எடுத்துக்கொண்டு மேலங்கி எடுக்க உள்ளே போகிறார். இந்த மனிதன் உண்மையிலேயே வரப்போகிறானா என்று டாம் வியக்கிறார்; கேட்ஸ்பி வெளியே வருவதற்குள் மூவரும் போய்விடுகிறார்கள். எந்த அழைப்பை ஏற்க வேண்டும், எதைச் சிரித்து மறுக்க வேண்டும் என்பதைக் கடையில் வாங்க முடியாது. டாமுக்கு அது தாய்ப்பாலோடு வந்தது. கேட்ஸ்பியின் இளஞ்சிவப்பு நிற உடையைப் பார்த்ததுமே, இவனாவது ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பதாவது என்று டாம் ஏளனம் செய்கிறார். இத்தனைக்கும் போர் முடிந்தபின் படைவீரர்களுக்குக் கிடைத்த வாய்ப்பில் ஐந்து மாதங்கள் கேட்ஸ்பி அங்கே இருந்தது உண்மை.

என் பார்வையில் இன்னும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கேட்ஸ்பியின் பணம் எங்கிருந்து வந்தது என்று நாவலில் எல்லோரும் கேட்கிறார்கள். விருந்துக்கு வந்து அவர் செலவில் குடிப்பவர்கள்கூட அவர் ஒருவனைக் கொன்றவராம் என்று காதோடு காதாகப் பேசுகிறார்கள். டாமின் குடும்பத்துப் பணம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. அதுதான் பரம்பரைச் சொத்தின் முதல் சலுகை. போலோ ஆடுவதற்கென்று ஒரு கூட்டம் குதிரைகளையே ஓட்டிக்கொண்டு வந்த அந்த மனிதர், வெள்ளை இனம் அழிந்துவிடும் என்று எச்சரிக்கும் நூலொன்றைப் படித்துவிட்டு நாகரிகத்தைக் காப்பது நம் கடமை என்று உணவு மேசையில் உரையாற்றுகிறார். நாவல் வெளிவருவதற்கு முந்திய ஆண்டு, 1924இல், கிழக்கு ஐரோப்பியரையும் ஆசியரையும் வடிகட்டும் குடிவரவுச் சட்டத்தை அமெரிக்கா நிறைவேற்றியது என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் அந்தப் பேச்சு வெறும் உளறலாகத் தோன்றாது.

நம் பக்கத்தில் ஒப்பிட விரும்பினால், தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்து அவர்களை மேற்பார்த்த பெரிய கங்காணிமாரை எடுத்துக்கொள்ளலாம். தம் கூட்டத்து ஆட்களின் தலைக்கு இவ்வளவு என்று தோட்டத்திடமிருந்து பெற்ற காசாலும், அவர்களுக்குக் கொடுத்த முற்பணத்தாலும் செழித்த சிலர் பின்னாளில் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள். ஆனாலும் 1876இல் நுவரெலியாவில் வெள்ளைத் துரைமார் தொடங்கிய ஹில் கிளப்பின் கதவு நெடுங்காலம் அவர்களுக்குத் திறக்கவில்லை. அங்கே தடுத்தது நிறம்; கேட்ஸ்பிக்கும் டாமுக்கும் இடையே நிற வேறுபாடு இல்லை. ஆகவே ஒப்பீட்டை மிகவும் இழுத்துவிடக் கூடாது. கங்காணியின் செல்வத்துக்கு அடியில் யாருடைய கடன் ‘துண்டு’ என்ற கடன் சீட்டில் எழுதப்பட்டிருந்தது என்ற கேள்வியை மட்டும், கேட்ஸ்பியின் மாளிகையைப் பார்க்கும்போதும் மறக்காமல் கேட்டுக்கொள்ளலாம். அவருடைய விருந்துகளுக்காக வெள்ளிக்கிழமை தோறும் ஐந்து பெட்டி தோடம்பழங்களும் எலுமிச்சம்பழங்களும் வருகின்றன. திங்கட்கிழமை பிழிந்த தோல்கள் பின்வாசலில் குவிந்து கிடக்கின்றன. இருநூறு பழங்களை அரை மணி நேரத்தில் பிழியும் இயந்திரமும் அங்கே உண்டு; ஆனால் அதன் பொத்தானை ஒரு வேலைக்காரரின் பெருவிரல் இருநூறு முறை அழுத்த வேண்டும் என்பதைச் சொல்ல ஆசிரியர் மறக்கவில்லை. திங்களன்று எட்டு வேலையாட்கள் துடைப்பமும் சுத்தியலும் கத்தரியும் கொண்டு முந்திய இரவின் சேதத்தைச் சீர்செய்கிறார்கள். கேட்ஸ்பியைப் பாவப்பட்ட காதலராக மட்டும் பார்க்கிற வாசகர்கள் இந்தப் பத்தியை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

கேள்வி: சாம்பல் வெளியில் வாழும் மெர்ட்டில் கணவனுக்குத் துரோகம் செய்கிறாள், வில்சன் கொலை செய்கிறார். ஏழைகளும் கெட்டுத்தானே போயிருக்கிறார்கள்? பிறகு செல்வரை மட்டும் குறைசொல்வது நியாயமா?
– வாசகர், பதுளை

பதில்: நியாயமான கேள்வி. ஏழைகளைப் புனிதர்களாக்கும் பழக்கம் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு இல்லை. டாம் வாடகைக்கு எடுத்துக்கொடுத்த அறைக்குள் நுழைந்ததும் மெர்ட்டில் உடை மாற்றுகிறாள், குரல் மாறுகிறது. பனிக்கட்டி கொண்டுவரத் தாமதித்த பையனைக் குறித்து, இந்த மாதிரி ஆட்களை எப்போதும் விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சலித்துக்கொள்கிறாள். தன் கணவன் திருமணத்துக்கு உடுத்திய உடை இரவல் வாங்கியது என்று தெரிந்த நாளில் அழுததாக அவளே சொல்கிறாள். மேல் வர்க்கத்திடமிருந்து அவள் முதலில் கற்றுக்கொண்டது இந்த இளக்காரம்தான். ஆனால் அதே அறையில் டெய்சியின் பெயரை அவள் உரக்கச் சொன்ன குற்றத்துக்காக டாம் அவள் மூக்கை உடைக்கிறார். அதற்காக அவருக்கு எதுவும் நேரவில்லை. ஒரே தவறு, இரண்டு விலை. வில்சனுக்கோ கடைசி வரை தன் கோபத்தை யார்மேல் செலுத்த வேண்டும் என்பதுகூடத் தெரியவில்லை. விலாசத்தை டாம்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தச் சாம்பல் வெளி கற்பனை இடமும் அன்று. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கொரோனா என்ற இடத்தில் நகரத்து அடுப்புகளின் சாம்பலைக் கொட்டிய மேடுகள் இருந்தன. பின்னர் அவை அகற்றப்பட்டு 1939இல் உலகக் கண்காட்சி நடந்தது. நாவலில் மோட்டார் வீதியும் ரயில் பாதையும் அதன் ஓரமாகவே செல்கின்றன. பக்கத்து ஆற்றுப் பாலம் படகுகளுக்காக உயர்த்தப்படும்போது ரயில் நின்றுவிடும்; பயணிகள் சில வேளை அரை மணி நேரம் அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே செல்வர்களுக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. உங்கள் ஊருக்கு ரயில் வந்தது 1924இல், இந்நாவல் வெளிவந்த ஆண்டுக்கு முந்திய ஆண்டு. நானுஓயாவிலிருந்து எல்ல வரையிலும் ஜன்னலோரம் கைபேசியைப் பிடித்தபடி நிற்கும் பயணிகளின் படங்களில் தேயிலை மலை விழுகிறது. தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக் கூரைகளும் சேர்ந்தேதான் விழுகின்றன.

கேள்வி: செல்வரைச் சாடிய ஆசிரியர் தாமும் ஆடம்பரமாக வாழ்ந்தவர்தானே?
– வாசகி, தலவாக்கலை

பதில்: ஆம். 1896இல் மினசோட்டாவின் செயின்ட் போல் நகரில் பிறந்தவர். கையில் போதிய வருமானம் இல்லை என்பதால் செல்டா என்ற பெண் நிச்சயத்தை முறித்துக்கொண்டார். முதல் நாவல் வெளிவந்து பெயரும் பணமும் கிடைத்த 1920இல் அவரையே மணந்தார். 1922 முதல் 1924 வரை லாங் ஐலண்டின் கிரேட் நெக் என்ற ஊரில் விருந்தும் கடனுமாக வாழ்ந்தார். வெஸ்ட் எக்கின் மூலம் அந்த ஊரே. நாவலின் பெரும்பகுதியைப் பிரான்சின் தென்கரையில் எழுதினார். 1925 ஏப்ரலில் வெளிவந்த நூல் அவர் எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. 1940இல் 44 வயதில் இறந்தபோது அவரை அநேகமாக எல்லோரும் மறந்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளே நூலை மீண்டும் எழச் செய்தவற்றுள் ஒன்று. அந்த வட்டத்துக்குள் போக ஆசைப்பட்டு வாசலில் நின்றவர் எழுதியதால்தான், டெய்சியின் குரலில் பணம் நிறைந்திருக்கிறது என்று கேட்ஸ்பியைச் சொல்லவைக்க முடிந்தது. வெளியே நின்று கல்லெறிந்தவருக்கு அது கேட்டிருக்காது.

கேள்வி: நிக் தன்னை மிக நேர்மையானவர் என்று சொல்லிக்கொள்கிறார். அவரை நம்பலாமா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: வந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நிக் மாதம் 80 டொலர் வாடகையில் கேட்ஸ்பியின் மாளிகைக்கு அருகே ஒரு சிறு வீட்டில் இருப்பவர். கடன் பத்திர வியாபாரம் கற்க வந்தவர். முதல் ஆண்டுச் செலவு தந்தையுடையது. ஆகவே நடுவில் நின்று இரு தரப்பையும் பார்க்கிறவராக நமக்குத் தோன்றுகிறார். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே தம் குடும்பத்தைப் பற்றி ஒரு செய்தியைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்: தாத்தாவின் சகோதரர் 1851இல் ஊருக்கு வந்தார், அமெரிக்க உள்நாட்டுப் போருக்குத் தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பினார், இரும்புச் சாமான் மொத்த வியாபாரத்தைத் தொடங்கினார். காசு கொடுத்துப் பதிலாள் அனுப்புவது அன்று சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்தது. அந்தப் பதிலாள் உயிரோடு திரும்பினாரா என்று நிக் சொல்லவில்லை. கேட்ஸ்பி டெய்சிக்காகப் பழி சுமக்கும் கதையைச் சொல்லப்போகிறவரின் வீட்டுச் செல்வமே ஒரு பதிலாளின் முதுகில்தான் தொடங்கியிருக்கிறது. ஆசிரியர் இதைத் தற்செயலாக எழுதியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அடுத்து, வண்டியை ஓட்டியது டெய்சி என்பது கேட்ஸ்பி இறந்தபின் இரண்டே பேருக்குத் தெரியும்: டெய்சிக்கும் நிக்குக்கும். மரண விசாரணையில் மெர்ட்டிலின் தங்கை, தன் அக்காள் கேட்ஸ்பியைப் பார்த்ததே இல்லை என்றும் கணவனோடு மகிழ்ச்சியாக வாழ்ந்தாள் என்றும் சத்தியம் செய்கிறாள். வில்சன் துக்கத்தால் சித்தம் கலங்கியவர் என்று பதிவாகி வழக்கு முடிகிறது. நிக் வாய் திறக்கவில்லை. கேட்ஸ்பிக்கு இறுதிச் சடங்கு செய்ய அலைந்தவரும் அவரே. மினசோட்டாவிலிருந்து வந்த முதிய தந்தையை வரவேற்றவரும் அவரே. அந்த நல்ல காரியங்களை அவர் விரிவாகச் சொல்கிறார். விசாரணையைச் சில வரிகளில் கடந்துவிடுகிறார்.

அந்த ஒக்டோபர் இறுதியில் நியூயார்க் வீதியில் டாமை நிக் சந்திக்கிறார். கேட்ஸ்பி மெர்ட்டிலை நாயை அடித்துப் போடுவதுபோல அடித்துவிட்டு நிறுத்தாமல் போனான், அவனுக்கு அது வேண்டியதுதான் என்கிறார் டாம். அவர் மனமாரச் சொல்கிறார். உண்மையை மனைவி அவரிடமும் சொல்லவில்லை என்பது அந்தப் பேச்சிலிருந்து தெரிகிறது. அது உண்மை இல்லை என்ற ஒரே பதிலைச் சொல்ல முடியாது என்று நினைத்து நிக் மௌனமாகிறார்; முதலில் மறுத்த கையையும் கடைசியில் குலுக்குகிறார், குழந்தையோடு பேசுவதுபோல இருந்தது என்று காரணம் சொல்கிறார். டாமோ முத்துமாலை வாங்கவோ சட்டைப் பொத்தான் வாங்கவோ நகைக்கடைக்குள் நுழைந்துவிடுகிறார்.

ஆகவே நிக் பொய் சொல்கிறவர் என்று எழுதாதீர்கள். அதற்கு நூலில் வலுவான சான்று கிடைக்காது. தெரிந்ததை உரிய இடத்தில் சொல்லாமல், இரண்டு ஆண்டுகள் கழித்து அழகான மொழியில் நமக்குச் சொன்னவர் என்று எழுதினால், மரண விசாரணைப் பத்தியையும் இந்தக் கைகுலுக்கலையும் சான்றாகக் காட்டலாம்.